பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்: குனுஸ் செய்நிரலில் வழக்கிழந்த அழைப்புக்கள்

கணனிச் செய்நிரல்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆக்கத்தையே பேசினர், பேணுதலைப் பேசினாரல்லர். ஒரு செய்நிரலை முதலில் எழுதியவர் யார், அது எவ்வாண்டில் வெளிவந்தது என்பன நூல்களில் இடம்பெறுகின்றன. அதன்பின் இருபது முப்பது ஆண்டுகளாக அதனை இயங்க வைத்தோரின் உழைப்போ மாற்றக் குறிப்பேடுகளில் ஒருவரிச் செய்தியாக ஒடுங்கிவிடுகின்றது. அத்தகைய உழைப்பினுள்ளும் மிகச் சலிப்பூட்டுவதெனக் கருதப்படும் ஒன்று, வழக்கிழந்துபோன சார்புகளின் பெயர்களைக் களைந்து அவற்றின் இடத்திற் புதியனவற்றை இடுவதாகும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது எழுத்துப்பிழை திருத்துவதை ஒத்த எளிய பணி எனத் தோன்றும். குனுஸ் என்னும் அஞ்சல், செய்தி வாசிப்புச் செய்நிரலின் வரலாறு அக்கருத்துத் தவறானது என்பதைக் காட்டுகின்றது.

குனுஸ் தனித்து நிற்கும் செய்நிரலன்று. அது ஈமாக்ஸ் எனப்படும் உரைதிருத்தியினுள்ளே இயங்குவது. ஈமாக்ஸ் 1976 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே தோன்றியது. ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1984 இல் அதனைக் குனு திட்டத்தின் பொருட்டுப் புதிதாக எழுதத் தொடங்கி 1985 இல் வெளியிட்டார். அதன் பெரும்பகுதி லிஸ்ப் மொழியின் ஒரு கிளைவழக்கில் அமைந்தது. ஆதலின், அம்மொழியை அறிந்த எவரும் உரைதிருத்தியைத் தம் விருப்பப்படி விரிக்கலாம். உள்ளே புதியதொரு செய்நிரலையே கட்டியெழுப்பலாம். இவ்வாறு கட்டப்படும் செய்நிரல், ஈமாக்ஸ் தரும் நூற்றுக்கணக்கான சார்புகளைப் பெயர்சொல்லி அழைத்தே தன் காரியத்தை முடிக்கின்றது. சார்பு என்பது ஒரு பெயரின்கீழ்த் திரட்டி வைக்கப்பட்ட கட்டளைகளின் தொகுதி. பெயர் மாறின், அழைப்புப் பொய்க்கும்.

செய்தி வாசிப்பின் பின்னணி வேறொன்று. 1979 இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ரொம் றஸ்கொற், ஜிம் எலிஸ் ஆகியோர் எண்ணி, 1980 இல் நடைமுறைக்கு வந்த யூஸ்நெற் என்னும் வலையமைப்பிலே, பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட குழுக்களுக்குக் கட்டுரைகள் எழுதப்பட்டு கணனிக்குக் கணனி பரவின. 1986 இல் பிறையன் கன்ரர், பில் லப்ஸ்லி ஆகிய இருவரும் வகுத்த செய்திப் பரிமாற்ற நெறிமுறை, வாசகர் ஒருவர் தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து கட்டுரைகளை வேண்டிப் பெறுதற்கு வழிசெய்தது. இதனைப் பயன்படுத்தி, ஈமாக்ஸினுள்ளேயே செய்திகளை வாசிக்கத்தக்க குனுஸை யப்பானியரான மசனொபு உமெடா 1980களின் பிற்பகுதியில் எழுதினார். 1994 இலையுதிர் காலத்தில், நோர்வே நாட்டவரான லார்ஸ் மக்னே இங்கெப்ரிக்ட்சன் அதனை மீண்டும் எழுத முற்பட்டார். முற்பட்டமைக்குக் காரணம் சலிப்பே என அவர் தம் கைந்நூலிற் கூறியிருப்பது அவரது நகைச்சுவைக்குச் சான்று. புதிய குனுஸ் 1995 நவம்பரில் ஈமாக்ஸின் 19.30 ஆம் பதிப்புடன் வெளிவந்தது. அஞ்சலையும் செய்தியையும் ஒருங்கே கையாளும் கருவியாக அது வளர்ந்தது. அதன் பின்வந்த வளர்ச்சிப் பதிப்புக்களுக்குச் செப்ரெம்பர், ரெட், குவாசியா, ரெரோடக்ரில், ஊர்ட், நோ, மா என இடப்பட்ட பெயர்களின் முதலெழுத்துக்கள் ஆங்கில நெடுங்கணக்கில் எஸ் முதல் எம் வரை பின்னோக்கிச் செல்கின்றமை ஓர் இரசமான செய்தி.

இம்மறுவாக்கத்தின்போது கைக்கொள்ளப்பட்ட ஒரு கொள்கை நம் பொருளுக்கு முக்கியமானது. வாசகர் விசைப்பலகையில் ஏவும் கட்டளைகளின் பெயர்கள் அனைத்தும் பழையவாறே காக்கப்பட்டன. உள்ளே மறைந்து இயங்கும் சார்புகளின் பெயர்கள் சில மாற்றப்பட்டன. வெளியுலகுக்குத் தெரிந்த பெயர் ஓர் ஒப்பந்தம், உள்ளே வழங்கும் பெயர் எழுதுவோனின் உரிமை என்ற வேறுபாடு இதிற் புலனாகின்றது. ஆயின் ஈமாக்ஸில் இவ்வேல்லை உறுதியானதன்று. பயன்படுத்துவோர் தத்தம் அமைப்புக் கோப்பில் லிஸ்ப் நிரல் எழுதுகின்றனர். உள்ளே மறைந்த சார்பையும் அழைக்கின்றனர். ஆகவே எந்தப் பெயரையும் அஞ்சாமல் நீக்கிவிடுதல் இயலாதாயிற்று.

இச்சிக்கலுக்கு ஈமாக்ஸ் கண்ட வழி, பெயரை உடனே கொல்லாது அதனை வழக்கிழந்ததெனப் பிரகடனஞ் செய்வதாகும். பழைய பெயர், புதிய பெயர், எப்பதிப்பிலிருந்து வழக்கிழந்தது என்னும் குறிப்பு ஆகிய மூன்றும் ஒரு வரியிற் பதியப்படுகின்றன. பழைய பெயர் தொடர்ந்து இயங்கும். ஆனால் நிரலைப் பைற்று வடிவுக்கு மாற்றும் கொம்பைலர் அப்பெயரைக் காணுந்தோறும் எச்சரிக்கை விடுக்கும். எப்பதிப்பு என்ற குறிப்பு நெடுங்காலம் விருப்பத்துக்குரியதாயிருந்து, 28 ஆம் பதிப்பிலேதான் கட்டாயமாக்கப்பட்டது. கல்வெட்டில் ஆண்டு பொறிக்காத மன்னனைப்பற்றி வரலாற்று மாணவர் படும் பாட்டை அறிந்தோர் இவ்விதியின் தேவையை எளிதில் உணர்வர்.

எச்சரிக்கைதானே, பொருட்படுத்தாது விடலாகாதா என ஒருவர் வினவலாம். குனுஸ் நூற்றுக்கு மேற்பட்ட கோப்புக்களால் ஆயது. ஒவ்வொரு கோப்பிலும் சில எச்சரிக்கைகள் எழுந்தால் அவை திரையை நிரப்பிவிடும். அத்திரளினுள்ளே, உண்மையான பிழையைச் சுட்டும் ஓர் எச்சரிக்கை எவர் கண்ணிலும் படாது போய்விடும். பழைய பெயர்களைக் களைதலின் முதற்பயன் இவ்விரைச்சலை அடக்குதல் எனலாம்.

எளிதாக முடிந்த மாற்றமொன்றை முதலிற் காண்போம். வாசகர் ஒரு செய்திக் குழுவைத் தெரிந்தெடுத்ததும் சேவையகம் 211 என்னும் குறியெண்ணுடன் கட்டுரைகளின் தொகையையும் முதலாவது, இறுதிக் கட்டுரைகளின் இலக்கங்களையும் விடையாக அனுப்பும். வந்திருப்பவை எழுத்துக்கள்; அவற்றை எண்களாக்கிய பின்னரே கணிக்கலாம். இதற்கெனப் பயன்பட்ட சார்பு ஸ்ரிங்-ரூ-இன்ற் என்பது. எழுத்துத் தொடரை முழுவெண்ணாக்குவது என்பது அப்பெயரின் பொருள். தொடக்க காலத்து ஈமாக்ஸ் லிஸ்ப் முழுவெண்களையே கையாண்டமையால் பெயர் அன்று மெய்யாயிருந்தது. பின்னர் மொழியிற் தசம எண்களும் புகுந்தன. அச்சார்பும் தசம எண்ணைத் தரத்தக்கதாயிற்று. பெயர் மட்டும் பொய்யாயிற்று. 2007 இல் வெளிவந்த 22.1 ஆம் பதிப்பு அப்பெயரை வழக்கிழந்ததென அறிவித்து, எண்ணாக்குவது எனப் பொதுப்படப் பொருள்தரும் ஸ்ரிங்-ரூ-நம்பர் என்பதையே கொள்ளுமாறு கூறியது. இரு பெயரும் ஒரே சார்பைக் குறித்தன. புதிய பெயர் பழைய பதிப்புக்களிலும் இருந்தது. குனுஸின் கோப்புக்களெங்கும் ஒன்றை நீக்கி மற்றதை இட்டதில் எவருக்கும் இழப்பு நேரவில்லை.

எல்லா மாற்றங்களும் இவ்வாறே அமைந்திருப்பின் இவ்விடயத்தைக் கட்டுரையாக்க வேண்டியதில்லை. இடர் வேறிடத்தில் இருந்தது. குனுஸ் ஓர் ஈமாக்ஸில் மட்டும் இயங்கவில்லை. லூசிட் என்னும் வணிக நிறுவனத்தின் தேவைகளையொட்டி 1990களின் தொடக்கத்தில் ஈமாக்ஸிலிருந்து ஒரு கிளை பிரிந்தது. 1994 முதல் அது எக்ஸ்ஈமாக்ஸ் எனப் பெயர்பெற்றது. இரண்டும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகளெனினும் ஒரே காரியத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்தன. குனுஸின் ஆசிரியர்கள் இரு தரப்பாரையும் கைவிட விரும்பவில்லை. அத்துடன் ஒவ்வொன்றின் பழைய பதிப்புக்களை வைத்திருந்தோரையும் தாங்க முற்பட்டனர். பல்கலைக்கழகக் கணனிகளிலே மாணவர் தாம் விரும்பும் பதிப்பை நிறுவிக்கொள்ள இயலாதிருந்த காலம் அது. பழைய பதிப்பைக் கைவிடுதல் என்பது, அதனை மாற்றும் அதிகாரம் இல்லாதவரைக் கைவிடுதலாகவே முடியும்.

இதன் விளைவை ஒரு சிறு உதாரணத்திற் காணலாம். நடப்பு வரியின் தொடக்கம் எங்குள்ளது என்று கேட்கும் சார்பு அஞ்சற் செய்நிரலுக்கு இன்றியமையாதது. கடிதத்தின் தலைப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய இது வேண்டும். எக்ஸ்ஈமாக்ஸ் இதனைப் பொயின்ற்-அற்-பி-ஓ-எல் என அழைத்தது. ஈமாக்ஸ் லைன்-பிகினிங்-பொசிஷன் என்றது. குனுஸ் இரண்டையும் தவிர்த்துத் தன் பெயரை முன்னொட்டாகக் கொண்ட மூன்றாவது பெயரொன்றை ஆக்கிக்கொண்டது. பின்னர் ஈமாக்ஸும் எக்ஸ்ஈமாக்ஸின் பெயரை மாற்றுப்பெயராக ஏற்கவே, குனுஸ் தன் சொந்தப் பெயரைக் கைவிட்டு அதனைக் கொண்டது.

நிரலை வாசிப்பவர்க்கு இவையெல்லாம் வீண் குழப்பமாகத் தோன்றும். உண்மையில் இவை ஓர் உடன்பாட்டின் சுவடுகள். கணனியிலே இணைப்பொன்று உயிரோடிருக்கையில் உரைதிருத்தியை மூட முனைந்தால் அது, மூடலாமா எனப் பயன்படுத்துவோரைக் கேட்கும். செய்திச் சேவையகத்தோடுள்ள இணைப்பின் பொருட்டு அவ்வாறு கேட்க வேண்டியதில்லை என அறிவிக்கும் சார்பின் பெயர் 22.1 ஆம் பதிப்பில் மாறியது. ஆயின் புதிய பெயரை 21 ஆம் பதிப்பு அறியாது. ஸ்ரிங்-ரூ-இன்ற் விடயத்தைப்போல இங்கு நேரே மாற்றிடல் இயலவில்லை. மாற்றினால் பழைய பதிப்பில் அழைப்பு முறியும். மாற்றாவிடின் புதிய பதிப்பில் எச்சரிக்கை எழும். எனவே குனுஸ் தனது பெயரால் ஒரு இடைச்சார்பை அமைத்தது. புதியது உண்டோ என அது முதலிற் தேடும். உண்டெனின் அதற்கும், இன்றெனின் பழையதற்கும் அழைப்பை அனுப்பும். இவ்விதமான இடைச்சார்புகள் பெருகி, அவற்றுக்கெனவே தனிக் கோப்புக்கள் தோன்றின. எக்ஸ்ஈமாக்ஸுக்குரியவற்றைத் திரட்டிய கோப்புக்கு நத்தார்ப் பண்டிகையை நினைவூட்டும் எக்ஸ்மஸ் என்ற பெயரைச் சூட்டியிருந்தனர்.

விதியொன்று மற்றொரு விதியோடு மோதியதும் உண்டு. பட்டியலொன்றிலிருந்து வேண்டாதவற்றை நீக்குதல்போன்ற பொதுப்பணிகளைச் செய்யும் சார்புகள் சீ-எல் எனச் சுருங்க வழங்கிய நூலகத்திற் கிடைத்தன. அவை முன்னொட்டு எதுவுமற்ற வெறும் பெயர்களால் அமைந்தமையின், பிறர் எழுதிய அதே பெயர்களுடன் மோதக்கூடும். ஆதலால் ஈமாக்ஸுடன் விநியோகிக்கப்படும் எச்செய்நிரலும் அந்நூலகத்தை இயங்குநேரத்தில் ஏற்றலாகாது, தொகுக்கும் நேரத்தில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது நெடுங்காலத்து ஒழுங்கு. அதற்கு அமைந்த குனுஸ், நூலகத்தில் ஏற்கெனவே உள்ள சார்புகளையே தன் பெயரால் மீண்டும் எழுதிக்கொண்டது. 2013 இல் வெளிவந்த 24.3 ஆம் பதிப்பு, ஸ்ரெபான் மொனியே ஆக்கிய சீ-எல்-லிப் என்னும் நூலகத்தைத் தந்தது. பெயர்கள் யாவும் முன்னொட்டுப் பெற்றன, தடையும் நீங்கியது. பழைய நூலகம் 2020 இன் 27.1 ஆம் பதிப்பில் முறைப்படி வழக்கிழந்ததாக்கப்பட்டது.

முன்னொட்டைச் சேர்த்தால் மாற்றம் முடிந்தது என எண்ணியோருக்கு இங்கே ஒரு பொறி காத்திருந்தது. பழைய நூலகத்தின் பிளெற் என்னும் அமைப்பு, ஒரு சார்பின் பொருளைத் தற்காலிகமாக மாற்றும். அம்மாற்றம் நடைமுறையிலுள்ளவரை, அங்கிருந்து அழைக்கப்படும் ஏனைய சார்புகளும், அவை அழைப்பனவும் புதிய பொருளையே காணும். முன்னொட்டுப் பெற்ற சீ-எல்-பிளெற் அவ்வாறன்று. எழுதப்பட்ட அந்தப் பகுதிக்குள்ளே மட்டும் அதன் ஆட்சி செல்லும். எனவே, ஏதேனும் ஒரு கேள்வியை வாசகரிடம் கேளாது விடும்பொருட்டுக் கேட்கும் சார்பையே தற்காலிகமாக ஊமையாக்கியிருந்த நிரலில் முன்னொட்டை மட்டும் இட்டால், கொம்பைலர் மௌனமாகிவிடும், கேள்வி மீண்டும் எழும். அவ்விடங்களுக்கு வேறொரு அமைப்பே பொருந்தும். எவ்விடத்திற்கு எது என்பதை எழுதியவரின் நோக்கத்தை ஊகித்தே துணியவேண்டும். நமது உரையாசிரியர்கள் வழக்கிறந்த சொல்லுக்குப் பொருள் காணும்போது ஓலையிலுள்ள எழுத்தை மட்டும் நோக்காது இடம்நோக்கிப் பொருள் கொண்டமை இங்கு நினைவுக்கு வருகின்றது.

இன்ராக்ரிவ்-பி என்ற சார்பின் மாற்றமும் இத்தகையதே. கட்டளையை மனிதர் நேரே ஏவினாரா, வேறொரு நிரல் அழைத்ததா என்பதை அறிவதற்குப் பயன்பட்ட அச்சார்பு 23.2 ஆம் பதிப்பில் வழக்கிழந்தது. அதன் இடத்தில் வந்த சார்பு மேலும் ஒரு விவரத்தைக் கேட்டது: பதிவுசெய்து வைத்த விசைத்தொடர் மூலம் ஏவப்பட்டதையும் மனித ஏவலாகக் கொள்வதா? பழைய சார்பு கொள்ளாது. புதியதற்கு எவ்விடை கொடுப்பதென்பதை மாற்றுபவரே தீர்மானிக்கவேண்டும். நூறு கோப்புக்களை ஒரே கட்டளையால் தேடி மாற்றும் கருவிகளால் இத்தீர்மானத்தை எடுக்கவியலாது.

பொருள் மாற்றத்தின் ஆபத்து உச்சமடைவது எழுத்துருக்களைக் கையாளும் இடத்தில். கடிதம் வலையமைப்பில் வெறும் பைற்றுக்களாகவே வருகின்றது. அவை எம்மொழி எழுத்துக்கள் என்பதைத் தலைப்பிலுள்ள குறிப்பைக்கொண்டு விரித்தறிதல் வேண்டும். தமிழ்க் ககரம் யுனிகோட்டின் எட்டுப்பிற்று வடிவில் மூன்று பைற்றுக்களாக வரும். புள்ளி பெற்ற மெய்யாயின் ஆறு. 1997 இல் வெளிவந்த 20 ஆம் பதிப்பு முதல் ஈமாக்ஸ் பன்மொழி எழுத்துருக்களைத் தனக்கேயுரிய உள்வடிவத்திற் சேமித்தது. ஸ்ரிங்-அஸ்-மல்ரிபைற் என்னும் சார்பு, கொடுக்கப்பட்ட பைற்றுக்கள் ஏற்கெனவே அவ்வுள்வடிவத்தில் உள்ளன எனக் கருதி அவற்றை அப்படியே எழுத்தாகக் காட்டியது. இது விரித்தறிதல் அன்று, நம்பிக்கை. 2009 இல் 23.1 ஆம் பதிப்பு உள்வடிவத்தையே யுனிகோட்டின் அவ்வடிவத்தைத் தழுவியதாக மாற்றியது. அதன்பின், வந்த கடிதம் தற்செயலாக அதே வடிவில் இருந்தால் தவறான அழைப்பும் சரியான எழுத்தைக் காட்டியது! வேறு குறிமுறையிலுள்ள கடிதத்திற்கோ அந்த வாய்ப்பு இல்லை. 2018 இன் 26.1 ஆம் பதிப்பு இச்சார்பையும் இதன் இனத்தனவற்றையும் வழக்கிழந்தனவாக்கி, குறிமுறையைப் பெயர்கூறி விரிக்கும் சார்பைப் பயன்படுத்துமாறு பணித்தது. இம்மாற்றத்தைச் செய்பவர் புதிய பெயரை எழுதினால் மட்டும் போதாது. எக்குறிமுறை என்பதையும் சொல்லவேண்டும். பழைய நிரலில் அவ்விவரம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதனைத் தவறாகச் சொன்னால் கடிதம் சிதைந்த எழுத்துக்களாகத் தோன்றும். சிதைந்ததை மீண்டும் சேமித்தாலோ மூலமும் கெடும். மற்றைய செய்நிரலில் நேரும் பிழை வேலையைத் தடைசெய்யும். அஞ்சற் செய்நிரலின் பிழை ஒருவர் மற்றொருவருக்கு எழுதியதை அழிக்கக்கூடியது.

இவ்வாறு இரு தலைமுறையாகச் சேர்ந்த இடைச்சார்புகளைக் களையும் காலம் எக்ஸ்ஈமாக்ஸ் தளர்ந்தபோதே கனிந்தது. அதன் நிலைப்பதிப்பு வரிசையில் இறுதியான 21.4.22 ஆவது 2009 இல் வெளிவந்தது. தனியாக வளர்ந்துவந்த குனுஸ் ஈமாக்ஸின் களஞ்சியத்திலேயே பேணப்படும் நிலை ஏற்பட்டது. 2016 இன் தொடக்கத்தில் இங்கெப்ரிக்ட்சன் தாமே கோப்புக் கோப்பாகச் சென்று எக்ஸ்ஈமாக்ஸின்பொருட்டு வைத்திருந்தவற்றை நீக்கினார். எந்தச் சார்பு உண்டென்று தேடும் வினாக்கள் மறைந்தன. இடைப்பெயர்கள் இருந்த இடங்களில் ஈமாக்ஸின் சொந்தப் பெயர்கள் நேராக அமர்ந்தன. பழைய பெயர்களை ஒருவர் முன்னரே மாற்றாதது சோம்பலால் என்று குறைகூறுவோர், மாற்றுவதற்கான உரிமை அப்பொழுதே முதன்முதலாகக் கிடைத்தது என்பதை மறந்துவிடுகின்றனர். அதேவேளை, எக்ஸ்ஈமாக்ஸில் குனுஸை வைத்திருந்த சிறுபான்மையினருக்கு அன்றுடன் புதிய பதிப்புக்கள் நின்றுபோயின என்பதும் உண்மை. நிரல் தெளிவடைந்ததற்குச் செலுத்தப்பட்ட விலை அதுவே. அவ்விலையைச் செலுத்தியவர்கள் அதனைத் தீர்மானித்தவர்கள் அல்லர்.

எனினும் எக்ஸ்ஈமாக்ஸின் வழக்குகள் அதனோடு உடனே மறைந்துவிடவில்லை. வரியின் தொடக்கத்தைக் கேட்கும் பொயின்ற்-அற்-பி-ஓ-எல் ஈமாக்ஸின் மாற்றுப்பெயராக நிலைத்து, குனுஸின் கோப்புக்களிலும் பிறவற்றிலும் தொடர்ந்து வழங்கியது. அதனை வழக்கிழந்ததென அறிவித்தது 2023 யூலையில் வெளிவந்த 29.1 ஆம் பதிப்பாகும். அதே பதிப்பு, பொஸ்-பி-ஓ-எல் என மேலும் ஒரு சார்பை அறிமுகஞ் செய்தது. உரையில் புலங்களென வகுக்கப்பட்ட எல்லைகளை லைன்-பிகினிங்-பொசிஷன் மதித்து அங்கேயே நிற்கும். புதியது அவற்றைக் கடந்து வரியின் உண்மைத் தொடக்கத்துக்கே செல்லும். ஆகையால் பழைய பெயரை நீக்குபவர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியவராயினார்.